கல்லீரல் தீவிர சிகிச்சைப் பிரிவைக் கலைத்தவர்களுக்கு

மருத்துவமனையின் அறங்காவலர் குழுவினருக்கும் மருத்துவ இயக்குநருக்கும்,

உங்கள் மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. வடசென்னையில் இன்னும் பலர் உங்களை நம்பித்தான் வாசலேறுகிறார்கள், அந்த நம்பிக்கையைக் கெடுக்கும் எண்ணம் எனக்கில்லை. கல்லீரல் நோயாளிகளுக்கென்று தனியாக இருந்த தீவிர சிகிச்சைப் பிரிவை மூடி, அதன் படுக்கைகளைப் பொதுத் தீவிர சிகிச்சைப் பிரிவோடு சேர்த்துவிட்டீர்கள். வரவேற்பு மேசைக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் அறிவிப்பு இதை ‘வளங்களின் மறுசீரமைப்பு’ என்கிறது. நோய் முற்றியவர்கள் ‘தேவைப்படின்’ நகரின் தென்பகுதியில் உள்ள கூட்டு மருத்துவமனைக்கு அனுப்பப்படுவார்கள் என்று அதன் கடைசி வரி சொல்கிறது. தேவையா இல்லையா என்று முடிவு செய்வது யார், எந்த வண்டியில் அனுப்புவீர்கள், எத்தனை மணி நேரத்துக்குள் அனுப்புவீர்கள் என்பதெல்லாம் அதில் இல்லை. அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன்.

நான் காசிமேட்டில் ஓர் ஐஸ் ஆலையில் கணக்கு எழுதுபவன். மருத்துவம் படித்ததில்லை. என் தம்பி உங்கள் பிரிவில் கிடந்தபோது வெளியே உட்கார்ந்து, டாக்டர்களும் செவிலியர்களும் சொன்னதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதிவந்தேன். தொழில் பழக்கம், வேறொன்றுமில்லை. பிறகு என் சித்தியை அதே மருத்துவமனையில், பிரிவு கலைக்கப்பட்ட பின் சேர்த்தபோதும் அதே நோட்டில் எழுதினேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்ததால்தான் இந்த மடல்.

தம்பி துறைமுகத்துக்குக் கன்டெய்னர் ட்ரெய்லர் ஓட்டுகிறவன். அவனுக்கு ஹெப்படைட்டிஸ் பி என்னும் கல்லீரல் வைரஸ் தொற்று. பிறக்கும்போதே அம்மாவிடமிருந்து தொற்றியிருக்கலாம் என்றார்கள். அவன் குழந்தையாக இருந்த காலத்தில் இந்தத் தடுப்பூசி அரசு அட்டவணையில் கிடையாது. நாடு முழுவதுக்கும் அது வந்துசேர்ந்தது 2011இல்தான். கல்லீரல் உள்ளுக்குள் சுருங்கி இறுகியதை எந்த வலியும் அவனுக்குச் சொல்லவில்லை. கால் வீங்கியது, வயிற்றில் நீர் கோத்தது, தெருவில் ஆளுக்கு ஆள் சொன்ன கீழாநெல்லியும் ஆயிற்று. பிறகு ஒரு நள்ளிரவில் ரத்த வாந்தி.

கல்லீரல் இறுகிவிட்டால் குடலிலிருந்து அதற்கு வரும் ரத்தம் போக வழியில்லாமல் தேங்குகிறது. உணவுக்குழாயின் அடியில் உள்ள ரத்தநாளங்கள் புடைத்துக்கொள்கின்றன. ஒன்று வெடித்தாலே ஆள் போய்விடலாம். அன்று உங்கள் பிரிவில் இருந்த இரவுச் செவிலியருக்கு இதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எண்டோஸ்கோப்பி செய்யும் டாக்டர் வீட்டிலிருந்து கிளம்பியபோதே இங்கே, பணி டாக்டரின் உத்தரவோடு, புடைத்த நாளங்களின் அழுத்தத்தைக் குறைக்கும் டெர்லிப்ரெசின் மருந்து ஏறத் தொடங்கியிருந்தது, கிருமிக்கொல்லியும் போட்டாயிற்று. விடிவதற்குள் ரத்தநாளங்களுக்கு ரப்பர் வளையம் மாட்டி முடித்தார்கள். துறைமுகத்திலிருந்து ரத்தம் கொடுக்க ஒரு கூட்டத்தையே அழைத்து வந்திருந்தேன். டாக்டர் பாதிப் பேரைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஹீமோகுளோபின் 7, 8 என்ற அளவில் நின்றால் போதும், அதற்குமேல் ரத்தத்தை ஏற்றினால் அழுத்தம் கூடி மறுபடி வெடிக்கும் என்றார். நிறைய ரத்தம் கொட்டினால் நிறைய ஏற்ற வேண்டும் என்றுதான் என்னைப் போன்றவன் நினைப்பான். இந்த நோயாளிகளையே நாளெல்லாம் பார்ப்பவருக்குத்தான் இங்கே அந்தக் கணக்கு செல்லாது என்று தெரியும்.

அதற்கடுத்து அவனுக்கு மனம் குழம்பியது. பகலில் தூங்கினான், இரவில் ட்ரெய்லரின் சாவியைக் கேட்டுச் சண்டை போட்டான். ரத்தத்தில் அம்மோனியா ஏறி மூளையைத் தாக்குகிறது என்றார்கள். அம்மோனியா என்றால் எனக்கு எங்கள் ஆலையின் குளிரூட்டும் குழாய்தான் நினைவுக்கு வரும். குழாயில் கசிவென்றால் மூக்கு சொல்லிவிடும். இவனுக்குள் ஏறியதைச் செவிலியர்கள் அவன் கையைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள். ஒவ்வொரு பணிமாற்றத்திலும் ‘கையை நீட்டு, விரலை விரி’ என்பார்கள். கை படபடவென்று அடித்துக்கொண்டால் மலத்தை இளக்கி அம்மோனியாவை வெளியேற்றும் லாக்டுலோஸ் மருந்தின் அளவு மாறும். நாளொன்றுக்கு இரண்டு மூன்று முறை மலம் போக வேண்டும், குறைந்தால் எனிமா. ஒரு மனிதன் எத்தனை முறை மலம் கழித்தான் என்பதை இவ்வளவு அக்கறையாக எழுதிவைக்கும் இடத்தை நான் வேறெங்கும் கண்டதில்லை.

மஞ்சள் காமாலையின் அளவைக் காட்டும் பிலிரூபின், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியேட்டினின், ரத்தம் உறையும் நேரத்தைக் காட்டும் ஐ.என்.ஆர். ஆகியவற்றை வைத்து 6 முதல் 40 வரை ‘மெல்ட்’ என்று ஒரு மதிப்பெண் போடுகிறார்கள். அது ஏற ஏற ஆயுள் குறைகிறது என்று பொருள். தம்பியின் எண் ஏறிக்கொண்டே போனது. மூளைச்சாவு அடைந்தவரின் கல்லீரலுக்கான வரிசையில் பெயர் இருந்தும் முறை வரவில்லை. கடைசியில் அவன் மனைவி தன் கல்லீரலின் வலப்பக்கத்தைக் கொடுத்தாள். ஏறக்குறைய 60 சதவீதம். கொடுத்தவருக்குச் சில மாதங்களில் வளர்ந்துவிடும் என்பது உண்மைதான், ஆனால் அந்தச் சில மாதங்களை அவள்தான் கடக்க வேண்டும். இந்த நாட்டில் உயிரோடு இருந்து கல்லீரல் கொடுப்பவர்களில் பெண்கள் அதிகம், பெறுபவர்களில் ஆண்கள் அதிகம். காத்திருப்பு அறையில் சுற்றிப் பார்த்தாலே தெரிந்தது. இதைப் பற்றித் தனியாக ஒரு மடல் எழுத வேண்டும்.

அறுவை சிகிச்சை விடியற்காலையில் தொடங்கி இரவில் முடிந்தது. அதற்கு முன் அவனை அந்த மேசை வரை உயிரோடு கொண்டுசேர்த்ததும், அதற்குப் பின் வீட்டுக்கு அனுப்பும் வரை காத்ததும் தீவிர சிகிச்சைப் பிரிவு. புதிய கல்லீரலுக்குப் போகும் தமனியில் ரத்தம் உறைந்துவிட்டால் எல்லாம் வீண் என்பதால் தினமும் ரத்த ஓட்டத்தைப் பார்க்கும் டாப்ளர் ஸ்கேன். உடல் புதிய உறுப்பை ஒதுக்காமல் இருக்க டாக்ரோலிமஸ், அதன் அளவைப் பார்க்க அடிக்கடி ரத்தப் பரிசோதனை, கிருமி தொற்றாமல் இருக்க ஆயிரம் கட்டுப்பாடு. உங்கள் வாசலில் இருக்கும் பெரிய விளம்பரத்தில் அறுவை சிகிச்சை நிபுணர்கள் கைகட்டி நிற்கிறார்கள். அவர்களை வணங்குகிறேன். அந்தப் படத்தில் இடம்பெறாதவர்களைத்தான் நீங்கள் கலைத்துவிட்டீர்கள்.

இனி சித்தியைப் பற்றி. கொருக்குப்பேட்டையில் இருந்தார். நீண்டகாலச் சர்க்கரை நோய், கல்லீரலில் கொழுப்பு படிந்து, அதுவே சிரோசிஸ் என்னும் கல்லீரல் இறுக்கம் ஆகிவிட்டது. வயிறு வீங்கி, பேச்சு குழறிய நிலையில் கொண்டுவந்தோம். பொதுத் தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு பக்கம் விபத்தில் அடிபட்டவர், மறுபக்கம் மாரடைப்பு. அங்கிருந்த இளம் டாக்டரைக் குறைசொல்ல எனக்கு மனம் வரவில்லை, அவர் உட்கார்ந்தே நான் பார்க்கவில்லை. சித்தி கையிலிருந்த ஊசிக்குழாயைப் பிடுங்கிக்கொண்டே இருந்ததால் தூக்க ஊசி போட்டார்கள். கல்லீரல் கெட்டு மனம் குழம்பியவருக்கு அந்த வகை மருந்து நிலைமையை இன்னும் மோசமாக்கும் என்று தம்பியின் காலத்தில் எனக்குச் சொல்லியிருந்தார்கள். நான் அதைச் சொன்னேன். ‘நீங்கள் வெளியே இருங்கள்’ என்றார்கள்.

வயிற்று நீரை எடுத்துப் பரிசோதிக்கவில்லை. ஐ.என்.ஆர். அதிகமாக இருக்கிறது, ஊசி குத்தினால் ரத்தம் நிற்காது, முதலில் ரத்தம் உறைய உதவும் பிளாஸ்மா ஏற்ற வேண்டும் என்றார்கள். பிளாஸ்மாவுக்கு ரத்த வங்கி, ரத்த வங்கிக்குச் சீட்டு, சீட்டுக்குக் கையெழுத்து. மறுநாள் பிற்பகலில்தான் ஊசி போட்டு நீரை எடுத்தார்கள். ஒரு கன மில்லிமீட்டருக்கு 250க்கு மேல் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளணுக்கள் இருந்தால் வயிற்று நீரில் கிருமி என்று அர்த்தம். சித்திக்கு அதைவிடப் பல மடங்கு இருந்தது. அதற்குள் சிறுநீர் குறைந்துவிட்டது.

என் நோட்டில் தம்பியின் பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அவனுக்கும் ஐ.என்.ஆர். அதிகம்தான். சேர்த்த முதல் இரவே வயிற்று நீரை எடுத்துவிட்டார்கள். ‘ஊசி மெல்லியது, இதற்குப் பிளாஸ்மா தேவையில்லை, தாமதம்தான் ஆபத்து’ என்று அன்று டாக்டர் சொன்னதை அப்படியே எழுதிவைத்திருக்கிறேன். அதே கட்டடம், அதே லிஃப்ட், அதே ரத்த வங்கி.

இன்னொரு கணக்கும் இருக்கிறது. வயிற்று நீரில் கிருமி வந்தால் சிறுநீரகத்தைக் காக்க ஆல்புமின் என்னும் ரத்தப் புரதம் கொடுக்க வேண்டும். உடல் எடையில் கிலோவுக்கு முதல் நாள் 1.5 கிராம், மூன்றாம் நாள் 1 கிராம். சித்தி 60 கிலோ. முதல் நாளுக்கு மட்டும் 90 கிராம். 100 மில்லி பாட்டில் ஒன்றில் இருப்பது 20 கிராம். நாலரை பாட்டில் ஆகிறது. விலை எனக்குத் தெரியும், ஒவ்வொன்றும் சில ஆயிரம் ரூபாய். வாங்கிவரச் சொல்லியிருந்தால் நகையை வைத்தாவது வாங்கி வந்திருப்போம். எழுதிக்கொடுத்த சீட்டில் ஒரே ஒரு பாட்டில்தான் இருந்தது.

பிறகுதான் உங்கள் அறிவிப்பின் கடைசி வரி நடைமுறைக்கு வந்தது. தென்பகுதிக் கூட்டு மருத்துவமனையில் படுக்கை உறுதியாக வேண்டும் என்று காத்திருந்தோம். காப்பீட்டு மேசையில் இங்கே ஒரு கோப்பை முடித்து அங்கே இன்னொரு கோப்பைத் திறக்கச் சொன்னார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை கையில் இருந்தது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்கிறார்கள், நல்ல திட்டம்தான். ஆனால் அது சாலையைக் குறுக்காது. வண்டி கிளம்பியபோது துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் வழக்கம்போல வரிசை கட்டி நின்றன. வடசென்னையில் வாழ்பவர்களுக்கு அந்த வரிசையைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. உங்கள் குழுவில் எத்தனை பேர் இந்தப் பக்கம் குடியிருக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியாததால் சொல்கிறேன். 2021இல் விம்கோ நகர் வரை மெட்ரோ வந்துவிட்டது, மகிழ்ச்சி. நினைவில்லாத நோயாளியை அதில் ஏற்ற முடியாது. துறைமுகமும் மணலியின் சுத்திகரிப்பு ஆலையும் எண்ணூரின் மின்நிலையமும் எங்கள் பக்கம்தான் இருக்க வேண்டுமாம். எங்கள் கல்லீரலுக்கான படுக்கை மட்டும் நகரத்தைக் கடந்து போய்விட வேண்டுமாம்.

சித்தி அங்கே போய்ச் சேர்ந்தார். சேர்ந்த பிறகு இறந்தார். அந்த மரணம் உங்கள் பதிவேட்டில் வராது, அந்த மருத்துவமனையின் பதிவேட்டில்தான் வரும். உங்கள் ஆண்டறிக்கையில் அவர் ‘மேல்சிகிச்சைக்கு அனுப்பப்பட்டவர்’. நான் எங்கள் ஆலையில் இப்படிக் கணக்கு எழுதினால் முதலாளி என்னை வைத்திருக்க மாட்டார்.

தனிப் பிரிவு இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார் என்று நான் சத்தியம் செய்யவில்லை. அந்த நோயின் கடுமை எனக்குத் தெரியும். முதல் இரவிலேயே செய்ய வேண்டியதை முதல் இரவிலேயே செய்திருப்பார்கள் என்பதில் மட்டும் எனக்குச் சந்தேகமில்லை.

உங்கள் நிர்வாக அதிகாரி ஒருவரிடம் காரணம் கேட்டேன். அந்தப் படுக்கைகள் பாதி நேரம் காலியாகவே கிடந்தன, அவற்றுக்கென்று செவிலியர்களை உட்கார்த்திவைப்பது கட்டுப்படியாகவில்லை என்றார். ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். அப்போது விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை, எங்கள் ஐஸுக்கு ஆளில்லை. அதற்காக எந்த முதலாளியும் கம்ப்ரசரைக் கழற்றிப் பழைய இரும்புக்குப் போடுவதில்லை. படகு கரை சேரும் நாளில் ஐஸ் இல்லையென்றால் மீன் அழுகிவிடும் என்று காசிமேட்டில் சின்னப் பையனுக்கும் தெரியும். காலியாக இருந்த படுக்கையைச் செலவு என்று எழுதியவர், அது நிரம்பிய இரவுகளில் அங்கே யார் பிழைத்தார்கள் என்பதை எந்தப் பத்தியில் எழுதினார்? வென்டிலேட்டரில் இருப்பவருக்கு ஆளுக்கொரு செவிலியர் வேண்டும் என்பது ஆடம்பரமல்ல, தீவிர சிகிச்சையின் அடிப்படையே அதுதான். பழகிய செவிலியர்களில் சிலர் வேறு வார்டுகளுக்குப் போய்விட்டார்கள், சிலர் வேலையை விட்டே போய்விட்டார்கள். அவர்கள் கற்றதை மறுபடி விளம்பரம் கொடுத்து வாங்க முடியாது.

அதே அதிகாரி இன்னொன்றும் சொன்னார். ‘பெரும்பாலும் குடித்துவிட்டு வருகிறவர்கள்தானே’ என்றார். தம்பி குடிக்காதவன், சித்தியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். ஆனால் அந்த வாதத்தில் எனக்கு அக்கறையில்லை. குடித்துக் கல்லீரல் கெட்டவனுக்கும் அதே படுக்கை உரியது. 2003 முதல் சில்லறை மதுக்கடைகளை அரசு நிறுவனமே நடத்தும் மாநிலம் இது. எங்கள் தெருக்களில் அந்தக் கடைக்குப் போகும் வழி எல்லோருக்கும் தெரியும், கல்லீரல் டாக்டருக்குப் போகும் வழி தெரியாது. நோயாளியின் ஒழுக்கத்துக்கு மதிப்பெண் போடும் வேலையை மெல்ட் மதிப்பெண் செய்வதில்லை. நீங்களும் செய்ய வேண்டாம்.

உறுப்பு தானத்தில் தமிழ்நாட்டுக்கு ஒரு பெயர் இருக்கிறது. 2008இல் திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த மருத்துவத் தம்பதியர், விபத்தில் மூளைச்சாவு அடைந்த தங்கள் மகனின் உறுப்புகளைக் கொடுத்தது இந்த மாநிலத்தையே உலுக்கியது. 2023 முதல் உறுப்பு தானம் செய்தவர்களின் உடலுக்கு அரசு மரியாதை செய்யப்படுகிறது. இந்தியாவில் வெற்றிபெற்ற முதல் கல்லீரல் மாற்று சிகிச்சை 1998இல் தில்லியில் காஞ்சிபுரத்துக் குழந்தை ஒன்றுக்கு நடந்தது, கொடுத்தவர் தந்தை. அந்தக் குழந்தை வளர்ந்து இன்று மருத்துவராகிவிட்டார். பெருமைதான். ஆனால் எடுத்த கல்லீரலை ஏறக்குறைய 12 மணி நேரத்துக்குள் பொருத்தியாக வேண்டும். அந்த அழைப்பு வரும் நேரத்தில் வரிசையில் இருப்பவர் கிருமித் தொற்று இல்லாமல், சிறுநீரகம் கெடாமல், மூச்சோடு இருக்க வேண்டும். துக்கத்தின் நடுவில் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் ஒரு குடும்பத்துக்கு நீங்கள் காட்டும் மரியாதை, பெறப்போகிறவரை அதுவரை காப்பாற்றி வைப்பது.

உங்கள் மருத்துவமனை இன்னும் மாற்று அறுவை சிகிச்சைக்குப் பதிவு பெற்றதாகத்தான் பலகை சொல்கிறது. மனித உறுப்பு மாற்றுச் சட்டம் 1994ஆம் ஆண்டினது. 2011ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, உறுப்பு மாற்று ஒருங்கிணைப்பாளர் இல்லாத மருத்துவமனைக்குப் பதிவே தரக்கூடாது. உங்கள் ஒருங்கிணைப்பாளரின் அறை பூட்டியிருக்கிறது. கேட்டால் ‘கூடுதல் பொறுப்பு’ என்று ஒருவரின் கைபேசி எண்ணைத் தருகிறார்கள், அவர் எடுப்பதில்லை. பதிவு 5 ஆண்டுகளுக்குத்தான் செல்லும். புதுப்பிக்கும் விண்ணப்பத்தில் தீவிர சிகிச்சை வசதி பற்றிய கேள்விக்கு என்ன எழுதப்போகிறீர்கள் என்று அறிய விரும்புகிறேன்.

எங்கள் கோரிக்கைகள் இவை. உங்கள் வராந்தாவில் எனக்குப் பழக்கமான நோயாளிக் குடும்பங்களிடம் கேட்டே எழுதுகிறேன்.

கல்லீரல் தீவிர சிகிச்சைப் பிரிவை மறுபடி திறங்கள். எல்லாப் படுக்கைகளையும் உடனே தர முடியாது என்றால், பொதுப் பிரிவுக்குள்ளேயே தடுப்பு வைத்துச் சில படுக்கைகளையாவது ஒதுக்கி, பழைய செவிலியர்களில் இன்னும் உங்களிடம் இருப்பவர்களை அங்கே திரும்ப அனுப்புங்கள். இருபத்துநான்கு மணி நேரமும் அழைத்தால் வரக்கூடிய கல்லீரல் மருத்துவர் யார் என்பதை நாள்தோறும் பலகையில் எழுதுங்கள்.

அதுவரை காத்திருக்காமல் இந்த வாரமே எழுத்தில் ஒரு நெறிமுறை கொடுங்கள். வயிற்றில் நீரோடு வருபவருக்குச் சேர்த்த 12 மணி நேரத்துக்குள் நீர்ப் பரிசோதனை, ரத்த வாந்தியோடு வருபவரை நிலைப்படுத்தி 12 மணி நேரத்துக்குள் எண்டோஸ்கோப்பி, ஆல்புமின் எடைக்கேற்ற அளவில், கல்லீரல் மருத்துவரைக் கேட்காமல் தூக்க மருந்து இல்லை. இதற்குப் புதிய கட்டடமும் வேண்டாம், புதிய இயந்திரமும் வேண்டாம்.

வேறிடத்துக்கு அனுப்பித்தான் ஆக வேண்டும் என்றால், அங்கே படுக்கை உறுதியான பிறகு, உங்கள் டாக்டர் கூடவர, உங்கள் செலவில், உங்கள் வண்டியில் அனுப்புங்கள். முடிவெடுத்த நேரம், கிளம்பிய நேரம், சேர்ந்த நேரம் மூன்றையும் பதிவு செய்யுங்கள். அனுப்பப்பட்டவர் 30 நாட்களுக்குள் இறந்தால் அதை உங்கள் கணக்கிலும் சேருங்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அந்த எண்ணிக்கையை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள், ‘மறுசீரமைப்பு’ அறிவிப்பை ஒட்டிய அதே இடத்தில்.

மாற்று அறுவை செய்துகொண்டவர்கள் காய்ச்சலோடு வந்தால் அவசரப் பிரிவின் வரிசையில் உட்காரவைக்காமல் நேராக அனுமதியுங்கள். டாக்ரோலிமஸ் அளவுப் பரிசோதனையை இங்கேயே மறுபடி தொடங்குங்கள். ஒருங்கிணைப்பாளர் பணியிடத்தை நிரப்புங்கள்.

சித்தியின் சிகிச்சைப் பதிவுகளின் முழு நகல் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன், இன்னும் வரவில்லை. அதைக் கொடுங்கள். இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை ஏற்கவில்லை, ஏன் என்பதை இந்த மாத இறுதிக்குள் எழுத்தில் தெரிவியுங்கள். அறங்காவலர்களில் ஒருவராவது நோயாளிக் குடும்பங்களை நேரில் சந்திக்க ஒரு தேதி குறியுங்கள். நாங்கள் வேலைக்குப் போகிறவர்கள், ஞாயிற்றுக்கிழமையாக இருந்தால் நல்லது.

இப்படிக்கு,
காசிமேட்டிலிருந்து ஒரு நோயாளியின் அண்ணன்